வயிற்றைக் கழித்துப் பார்க்கும் மெஷின்

கிரேன்காரர் இரண்டு மாதமாக எங்கே போனாலும் கையில் ஒரு துணிப்பையோடுதான் போனார். பச்சைக் கோடு போட்ட பை. பேப்பர் வாங்கப் போனாலும் பை, தெருமுனை வரை காலாற நடந்தாலும் பை. எதிரே வருகிறவர்கள், "என்ன, இன்னைக்கும் காய் வாங்கவா?" என்று கேட்பார்கள். "ஆமா ஆமா" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார்.

பக்கத்து வீட்டு ஆசிரியைக்கு ஒரு நாள் ஆர்வம் தாங்கவில்லை. "தினமும் அப்படி என்னதான் வாங்குறீங்க, காட்டுங்களேன்" என்று பைக்குள் கையை விடப் பார்த்தார். வேறு யாராவது என்றால் பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடியிருப்பார்கள். இவருக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. பையை இடுப்புக்கு மேலே தூக்கவே கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். ஆகவே அதை முழங்காலுக்குக் கீழே தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, "பூசணிக்காய்! பூசணிக்காய்!" என்று கத்தியபடி, வாத்து மாதிரி குனிந்து குனிந்து ஓடி வீட்டுக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள் கண்ணுகளா, அவர் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார். பைக்குள் இருந்தது காயில்லை. சிறுநீர் வடிகிற பிளாஸ்டிக் பை. அதிலிருந்து ஒரு டியூப் கிளம்பி, வேட்டிக்குள் நுழைந்து, நேராக அவருடைய மூத்திரப்பைக்குப் போய்ச் சேர்ந்தது. துணியுறையை அளவெடுத்துத் தைத்துக் கொடுத்தவள் அவருடைய மனைவி. தையல்காரி அல்லவா, ஓரத்தில் ஜிப் கூட வைத்திருந்தாள்.

முப்பத்தொரு வருஷம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய மனிதர். ஏறுவதற்குத் தொண்ணூற்றிரண்டு படி. நடுவில் ஒரு தடவை இறங்கி ஏறினால் அரை மணி நேரம் போய்விடும், கீழே கப்பல்காரன் கத்துவான். அதனால் எட்டு மணி நேரமும் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதில் அவருக்குப் பெருமையும் உண்டு. கல்யாண வீடு, துக்க வீடு என்று பாராமல், "அடக்குறதுல என்னை மிஞ்ச ஆள் கிடையாது" என்று சொல்லிக்கொள்வார்.

ஓய்வு பெற்ற பிறகு நிலைமை தலைகீழாகிவிட்டது. போக நினைத்தாலும் வராது. குளியலறையில் நின்றுகொண்டே இருப்பார். வெளியிலிருந்து மனைவி, "ஏங்க, நின்னுக்கிட்டே தூங்கிட்டீங்களா?" என்று கதவைத் தட்டுவாள். மூச்சைப் பிடித்து, பல்லைக் கடித்து முக்கினால், சொட்டுச் சொட்டாக ஏதோ வரும். வருஷக்கணக்கில் இப்படியே ஓட்டிக்கொண்டிருந்தவருக்கு ஒரு நாள் காலையில் அந்தச் சொட்டும் நின்றுபோனது. வயிறு பானை மாதிரி வீங்க, ஆட்டோவில் ஏற்றி, ஆஸ்பத்திரியில் டியூப் போட்டார்கள். அன்று வந்த பைதான் அது.

டாக்டர் விஷயத்தை விளங்கத்தான் சொன்னார்.

"உங்க பிராஸ்டேட் சுரப்பி வீங்கி, மூத்திரம் வர்ற கதவை அடைச்சிருக்கு. கதவைத் திறந்து விடுறது பெரிய வேலை இல்ல. ஆனா உள்ள இருந்து தள்றவன் ஒருத்தன் இருக்கான் பாருங்க, மூத்திரப்பையோட தசை. அடைச்ச கதவை இத்தனை வருஷம் தள்ளித் தள்ளி அவன் இன்னும் தெம்பா இருக்கானா, இல்ல போதும்டா சாமின்னு உக்காந்துட்டானான்னு தெரியணும். அதுக்கு ஒரு டெஸ்ட் இருக்கு."

"தெம்பா இருந்தா?"

"ஆபரேஷன் பண்ணி, மூணு நாளில டியூபை எடுத்து வீட்டுக்கு அனுப்பிடுவேன்."

"உக்காந்துட்டான்னா?"

டாக்டர் பேனாவை மூடினார். "அப்போ கதவைத் திறந்தும் பிரயோஜனமில்ல. தள்ள ஆளில்லையே. டியூப் கூடவே இருக்க வேண்டியதுதான்."

வீடு திரும்பும் வழியெல்லாம் கிரேன்காரர் அதையே நினைத்துக்கொண்டு வந்தார். இரண்டு மாதமாக அவர் பலகை மாதிரி மல்லாந்து படுத்துக்கொண்டிருக்கிறார். புரண்டால் டியூப் இழுக்கும். தூக்கத்தில் கை பட்டுவிடுமோ என்று பயந்து மனைவி தையல் மெஷின் பக்கத்தில் தனியாகப் பாய் போட்டுப் படுக்கிறாள். இனி காலத்துக்கும் இப்படித்தானா? மனதில் வேறு எதுவுமே ஓடவில்லை. அந்த டியூப் போக வேண்டும். அவ்வளவுதான்.

இங்கேதான் மச்சான் உள்ளே வருகிறார்.

மனைவியின் தம்பி. டியூஷன் மாஸ்டர். இருபது வருஷமாகப் பிள்ளைகளைப் பரீட்சைக்குத் தயார் செய்து பழகிய மனிதர். "டெஸ்ட்" என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே சாய்ந்து உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்தார். சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனா வெளியே வந்தது.

"அத்தான், டெஸ்ட் என்னைக்கு?"

"இன்னும் பத்து நாள் இருக்கு மாப்ளே."

"பத்து நாளா? தாராளம். ஒண்ணுமே தெரியாதவனைப் பத்து நாளில நான் கரையேத்தியிருக்கேன். நீங்க என் கையில விட்டுருங்க."

"டேய், இது கணக்குப் பாடம் இல்லடா" என்றாள் அக்கா.

"அக்கா, எல்லா டெஸ்டும் டெஸ்டுதான். என்ன பாக்கப் போறாங்க? தள்ற சக்தி எவ்வளவுன்னு. அப்போ தள்றதுக்குப் பயிற்சி வேணும். வேற என்ன?"

சுவரில் கால அட்டவணை ஏறியது. காலை ஆறு மணி முக்கல். மாலை ஆறு மணி முக்கல். ஞாயிற்றுக்கிழமை மாதிரித் தேர்வு. டியூப் இருப்பதால் நிஜமாகப் போய்ப் பார்க்க வழியில்லை, ஆகவே வெறும் முக்கல்தான். கிரேன்காரர் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொள்வார். மச்சான் கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, "ஆரம்பிங்க! வயித்தை உள்ள இழுங்க! இன்னும்! இன்னும்! முகம் சிவக்கணும் அத்தான், சிவக்கலன்னா பாதி மார்க்தான்!" என்பார்.

"ஏண்டா, பிரசவத்துக்கா தயார் பண்ற?" என்று அக்கா தையல் மெஷினை மிதித்துக்கொண்டே கேட்பாள்.

நாலாம் நாள் கீழ்வீட்டுக்காரர் மாடிப்படி ஏறி வந்து, வீட்டில் யாருக்காவது மலச்சிக்கலா, தனக்குத் தெரிந்த நல்ல மருந்து ஒன்று இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். மச்சான் அதையும் நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டார். "பாத்தீங்களா? கீழ்வீடு வரைக்கும் கேக்குது. இதான் முன்னேற்றம்."

கடைசி நாள் ஒரு முக்கியமான குறிப்பும் கொடுத்தார். "உள்ள தண்ணி ஏத்துவாங்களாம். எப்போ முட்டுதுன்னு கேப்பாங்களாம். சட்டுனு சொல்லிடாதீங்க. பரீட்சை ஹால்ல முதல்ல எழுந்து வர்றவன் எவனும் நல்ல மார்க் வாங்கினதில்ல. கடைசி மணி வரைக்கும் உக்காரணும்."

"அடக்குறதைப் பத்தி நீ எனக்குச் சொல்லித் தர்றியா?" என்றார் கிரேன்காரர்.

டெஸ்ட் அறை சின்னது. ஒரு பக்கம் கம்ப்யூட்டர். ஒரு பக்கம் கை கழுவும் தொட்டி. நடுவில் ஒரு நாற்காலி, ஆனால் அதை நாற்காலி என்று சொன்னால் நாற்காலிகள் வருத்தப்படும். இருக்கையின் நடுவில் ஓட்டை. ஓட்டைக்குக் கீழே பெரிய புனல். புனலுக்குக் கீழே, விழுகிற ஒவ்வொரு துளியையும் அளந்து கம்ப்யூட்டருக்குச் சொல்கிற ஒரு பெட்டி. நாற்காலி மின்சாரத்தில் ஏறும், இறங்கும்.

டெக்னீஷியன் நாற்பது வயதுப் பெண். அதிராமல் பேசுகிறவர். கூட, ஓய்வு பெற இன்னும் ஆறு மாதமே இருக்கிற பெரிய நர்ஸம்மா, இரண்டு முட்டியிலும் வலி. மனைவியும் மச்சானும் வெளியே பெஞ்சில்.

டெக்னீஷியன் பழைய டியூபை எடுத்துவிட்டு, நூல் மாதிரி மெல்லிய டியூப் ஒன்றை அதே வழியில் வைத்தார். "இது வழியா தண்ணி உள்ள போகும். உள்ள எவ்வளவு அழுத்தம்னு இதே சொல்லிடும்." பிறகு இன்னொரு மெல்லிய டியூபை எடுத்துக்கொண்டு, "கொஞ்சம் திரும்பிப் படுங்க ஐயா" என்றார்.

"இது எங்கம்மா போகுது?"

"பின்பக்கம்."

"அடைப்பு முன்பக்கம் தானேம்மா? பின்பக்கத்து மேல யாரும் புகார் சொல்லலியே!"

"வயிறு எவ்வளவு அழுத்துதுன்னு பாக்க ஐயா. உடம்பைத் தளர விடுங்க."

எதற்கு என்று சொல்லத்தான் செய்தார். ஆனால் அந்த நேரத்தில் எந்த மனிதனுக்கும் காது சரியாக வேலை செய்யாது. கிரேன்காரர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, சொன்னதை எல்லாம் கோட்டை விட்டார். அங்கேதான் வினை.

நாற்காலியில் உட்காரவைத்து, மடியில் ஒரு காகிதத் துணியைப் போர்த்தினார்கள். டெக்னீஷியன் திரையைப் பார்த்து, "டியூப் சரியா இருக்கான்னு பாக்கணும். ஒரு தடவை இருமுங்க" என்றார்.

கிரேன்காரர் இருமினார். கதவுக்கு வெளியே மச்சானும் இருமினார்.

"இன்னும் பலமா."

உள்ளே ஒரு இருமல். வெளியே மூன்று இருமல். நடைபாதையில் காத்திருந்த மற்றவர்கள், இதுவும் ஏதோ விதிமுறை போலிருக்கிறது என்று சேர்ந்துகொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் முழுவதும் ஒரே இருமல். எதிர் அறையிலிருந்து ஒரு டாக்டர் தலையை நீட்டி, "இது எலும்பு வார்டு தானே?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.

தண்ணீர் ஏற ஆரம்பித்தது.

"முதல்ல லேசா தோணும்போது சொல்லுங்க ஐயா."

"தோணல."

நூறு மில்லி போனது. இருநூறு போனது.

"இப்போ?"

"ஒண்ணுமே இல்லம்மா. குளத்துல கல்லு போட்ட மாதிரி இருக்கு."

முந்நூறு. கிரேன்காரர் கூரையைப் பார்த்தார். முந்நூற்றைம்பது. நாற்காலிக் கைப்பிடியைப் பிடித்தார். நானூறு. நெற்றியில் வேர்வை கோத்தது.

"நிஜமாவே தோணலியா?"

"சும்மா... ஊத்துங்க... தாராளமா..."

"ஐயா, வாய் ஒண்ணு சொல்லுது, மீசை ஒண்ணு சொல்லுது. மீசை நடுங்குது." டெக்னீஷியன் தண்ணீரை நிறுத்தினார். "போதும். இப்போ போங்க. வீட்டுல போற மாதிரி."

அவ்வளவுதான். பத்து நாள் பயிற்சி அத்தனையையும் கிரேன்காரர் அந்த நாற்காலியில் இறக்கினார். வயிற்றை உள்ளே இழுத்தார், மூச்சைப் பிடித்தார், கைப்பிடி கிரீச்சிட்டது. முகம் சிவந்து, நீலமாகி, ஒரு மாதிரி கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது. வெளியிலிருந்து, "அப்படித்தான் அத்தான்! விடாதீங்க!" என்று குரல். புனலில் சொட்டு... சொட்டு... திரையில் ஒரு எண் விறுவிறுவென்று ஏறி நூற்றிருபதைத் தொட்டது.

"நூத்தி இருபது!" என்று மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தார். "எப்படி?"

டெக்னீஷியன் சிரிக்கவில்லை. "ஐயா என்ன வேலை பாத்தீங்க?"

"கிரேன் ஆபரேட்டர்."

"அப்போ உங்களுக்கு சுலபமாப் புரியும். கொக்கியில சரக்கு தொங்கும்போது மீட்டர்ல வர்ற எடை, சரக்கோட எடையா?"

"அதெப்படி? கொக்கி, சங்கிலி எடையைக் கழிக்கணும். கழிச்சாத்தான் சரக்கு."

"இதுவும் அதேதான். இந்த நூத்தி இருபதுல வயிறு முக்கினதும் சேர்ந்திருக்கு. அது எவ்வளவுன்னு பின்பக்க டியூப் சொல்லும். அதைக் கழிச்சா, மூத்திரப்பை தசை மட்டும் எவ்வளவு தள்ளுச்சுன்னு வரும்."

"கழிங்க. கழிச்சா எவ்வளவு?"

"ரெண்டு."

"ரெண்டு நூறா?"

"ரெண்டு ஐயா. வெறும் ரெண்டு. உங்க வயிறு பிரமாதமா வேலை செய்யுது. ஆனா வயித்தைப் பத்தி இங்க யாரும் கேக்கல."

கதவிடுக்கில் மச்சானின் குரல் வந்தது. "எத்தனைக்கு ரெண்டு?"

கிரேன்காரருக்குச் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. முப்பத்தொரு வருஷம் எடை கழித்த மனிதர், யாரும் விளக்க வேண்டியதில்லை. "அப்போ... உக்காந்துட்டானாம்மா உள்ள?"

"அது எப்படித் தெரியும்? நீங்கதான் அவனை வேலை செய்யவே விடலியே. அவன் எழுந்திரிக்கறதுக்குள்ள வயிறு ஓடிப்போய் முன்னாடி நின்னுடுச்சு." அவர் குரலைத் தணித்தார். "உள்ள இருக்கிறதை டியூப் வழியா எடுத்துட்டு, இன்னொரு தடவை தண்ணி ஏத்திப் பாக்கலாம். ஆனா முக்கக் கூடாது. அப்படியே தளர்ந்து விட்டுடணும். தானா வரணும். அவனா எழுந்து வந்து தள்ளட்டும், பாப்போம்."

இரண்டாவது தடவை கிரேன்காரர் நல்ல பிள்ளையாக நடந்துகொண்டார். லேசாகத் தோன்றியதும், "தோணுதும்மா" என்றார். முட்டியதும், "முட்டுதும்மா" என்றார். "இப்போ போங்க" என்றதும் கண்ணை மூடி, முக்காமல், காத்திருந்தார்.

ஒன்றும் வரவில்லை.

நர்ஸம்மா சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார். டெக்னீஷியன் தொட்டியில் குழாயைத் திறந்துவிட்டார், சலசலவென்று. வெளியே மனைவி தம்பியை அதட்டும் சத்தம் கேட்டது. வரவில்லை. ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். உள்ளே அணை மாதிரி முட்டிக்கொண்டு நின்றது, ஆனால் மதகு திறக்கிற வழி தெரியவில்லை.

"வரலம்மா" என்றார் கடைசியில். குரல் சின்னப் பிள்ளை குரல் மாதிரி இருந்தது. "நான் எத்தனையோ வருஷமா முக்கித்தான் போறேன். முக்காம எப்படிப் போறதுன்னே எனக்கு மறந்துபோச்சு."

டெக்னீஷியன் கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் அஞ்சு நிமிஷம் பாப்போம் ஐயா. வரலன்னா... இப்படியே எழுதிக் குடுக்க வேண்டியதுதான். டாக்டர் பாத்து முடிவு பண்ணுவார்."

என்ன முடிவு என்று அவருக்குத் தெரியாதா? பச்சைக் கோடு போட்ட பை அறை மூலையில் ஆணியில் தொங்கிக்கொண்டு, நான் எங்கேயும் போகவில்லை என்பது போல் பார்த்தது.

"புனல் கொஞ்சம் தள்ளி இருக்கு, சரி பண்றேன்" என்று டெக்னீஷியன் ரிமோட்டை எடுத்து, நாற்காலியைச் சற்று ஏற்றினார். நாற்காலி ஏறியது. விரலை எடுத்தார். நாற்காலி மேலும் ஏறியது.

"நிக்க மாட்டேங்குதே!"

பொத்தான் உள்ளேயே மாட்டிக்கொண்டுவிட்டது. நாற்காலி கிரேன்காரரைத் தூக்கிக்கொண்டு, மடியில் காகிதத் துணியோடும் முன்னும் பின்னும் டியூபோடும், நிதானமாக மேலே போயிற்று. நாற்காலியோடு சேர்ந்த கம்பியில் மாட்டியிருந்த, அழுத்தம் அளக்கிற பெட்டியும் கூடவே ஏறியது. அவர் தலை மின்விசிறிக்கு ஒரு முழம் கீழே வந்ததும் நாற்காலி டக்கென்று நின்றது. ஆனால் மோட்டார் நிற்கவில்லை. ஊஊஊம் என்று முனகிக்கொண்டே இருந்தது.

அந்தச் சத்தம் காதில் விழுந்ததுதான் தாமதம், கிரேன்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வேறு ஆளாகிவிட்டார்.

"அம்மா! மோட்டார் நிக்கல பாருங்க! மேல போய் முட்டிக்கிட்டு இன்னும் இழுக்குது. இப்படியே விட்டா மோட்டார் காயில் கருகிடும். கரண்டை எடுங்க!"

"மெயினை எடுத்தா கம்ப்யூட்டரும் போயிடுமே ஐயா, பதிவு எல்லாம்..."

"மெயின் எதுக்கு? நாற்காலிக்குத் தனி பிளக் இருக்கும். கீழ பாருங்க, கறுப்பு வயர், எங்க போகுதுன்னு பாருங்க."

நர்ஸம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு, "என் கடைசி ஆறு மாசத்துல இதுவும் எழுதியிருக்கு" என்று முனகியபடி நாற்காலிக்கு அடியில் தவழ்ந்தார்.

"அந்த வயர் இல்லம்மா, அது அளக்குற பெட்டிக்குப் போறது! இடது பக்கம். இன்னும் இடது. உங்க இடது இல்ல, என் இடது! ஆ, அதான். அதைப் பிடிச்சுக்கிட்டே போங்க... சுவர் வரைக்கும் போங்க..."

நர்ஸம்மா போகவில்லை. புனலுக்குப் பக்கத்தில் அப்படியே சிலையாகிவிட்டார். பிறகு மெல்லத் தலையைத் திருப்பி, டெக்னீஷியனைப் பார்த்து, ஒரு விரலால் மேலே காட்டினார்.

டெக்னீஷியன் திரையைப் பார்த்தார். மேலே இருந்து கிரேன்காரருக்கு அவர் முகம் மட்டும்தான் தெரிந்தது. கண் விரிந்தது. வாய் திறந்தது. கையால் வாயை மூடிக்கொண்டார்.

"என்னம்மா ஆச்சு? புகை வருதா?"

"இல்லல்ல!" என்று பதறினார் டெக்னீஷியன். "ஒண்ணுமில்ல ஐயா! நீங்க பேசுங்க. பேசிக்கிட்டே இருங்க. மோட்டார்... மோட்டார் எப்படி ஓடுது?"

"எப்படி ஓடுதா? கரண்ட்ல ஓடுது."

"ஓ! கரண்ட்லயா? அப்புறம்?"

இவ்வளவு படித்த பெண்ணுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று கிரேன்காரருக்கு ஆச்சரியம். "உள்ள சுருள் சுருளா கம்பி இருக்கும்மா. அதுல கரண்ட் போனா காந்தம் ஆகும்..."

"காந்தமா! அட! சொல்லுங்க சொல்லுங்க, நிறுத்தாதீங்க. கம்பி என்ன நிறம்?"

"செம்பு நிறம். நர்ஸம்மா ஏன் அப்படியே குத்துக்கல்லா உக்காந்திருக்காங்க? பிளக்கைப் பிடுங்கச் சொல்லுங்க முதல்ல!"

"அவங்க... ஓய்வு எடுக்குறாங்க" என்றார் டெக்னீஷியன். பார்வை திரையை விட்டு நகரவே இல்லை. நர்ஸம்மா கீழேயிருந்து, ஆமாம் ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினார்.

அந்த நேரம் பார்த்துக் கதவுக்கு வெளியே, "அத்தான்! அஞ்சு நிமிஷம் முடியப் போகுது! நல்லா முக்..." என்று ஒரு குரல் ஆரம்பித்தது. டெக்னீஷியன் காலிலிருந்து ரப்பர் செருப்பைக் கழற்றிக் கதவின் மேல் வீசினார். தொப்பென்று விழுந்த சத்தத்தோடு, வெளியே, "வாயை மூடுடா மடையா" என்று மனைவியின் குரலும், யாரோ யாருடைய வாயையோ கையால் பொத்துகிற சத்தமும் கேட்டது.

மோட்டார் சத்தத்துக்கு நடுவே கிரேன்காரருக்கு இப்போதுதான் இன்னொரு சத்தம் கேட்டது. மெலிதாக. புனலுக்குள் ஒரு நூல் மாதிரி. முதலில் குழாயை யாரோ சரியாக மூடவில்லை என்று நினைத்தார். பிறகு, அடிவயிற்றில் அந்த அணை கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிற சுகம் தெரிந்தது.

"அம்மா..." என்றார் மெதுவாக. "இது... நானா?"

"நீங்கதான் ஐயா. அசையாதீங்க. முக்காதீங்க. அப்படியே விடுங்க."

அவர் விட்டார். மூவரும் மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நூல் மாதிரி வந்தது, சொட்டாயிற்று, நின்றது. நர்ஸம்மா போய்ப் பிளக்கைப் பிடுங்கினார். மோட்டார் அடங்கியது.

"எவ்வளவு வேகம்மா?" என்று கேட்டார். பத்து நாள் பாடம் அவ்வளவு லேசில் போகுமா?

"செகண்டுக்கு நாலு மில்லி."

"நல்லா இருக்கிறவங்களுக்கு?"

"பதினைஞ்சு, இருபது வரும்."

கிரேன்காரரின் தோள் சரிந்தது. "நாலு தானா! போச்சு. எல்லாம் போச்சு. இனி அந்தப் பைதான்." மின்விசிறிக்குக் கீழே, காகிதத் துணியின் நுனியை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஐயோ, அழாதீங்க! நாலு நல்ல நாலு ஐயா!" டெக்னீஷியன் கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பினார். "இங்க பாருங்க. இந்தச் சிவப்புக் கோடு உங்க வயிறு. படுத்துத் தூங்குது, பாத்தீங்களா? ஒரு இம்மி கூட ஏறல. இந்தப் பச்சைக் கோடு வயித்தைக் கழிச்சது. எங்க வரைக்கும் போயிருக்கு, நீங்களே படிங்க."

கிரேன்காரர் மேலேயிருந்து கண்ணை இடுக்கினார். "தொண்ணூறு."

"சாதாரண ஆளுக்கு நாப்பது போதும், பதினைஞ்சு மில்லி பாய்ஞ்சு வந்துடும். உங்காளு தொண்ணூறு போட்டுத் தள்ளியும் நாலுதான் வெளிய வந்திருக்கு. அப்போ குத்தம் தள்றவன் மேலயா, கதவு மேலயா?"

அவர் யோசித்தார். அவசரப்படாமல், சரக்கு ஏற்றும்போது யோசிப்பது போல.

"கதவு மேல."

"அழுத்தமும் கம்மி, வேகமும் கம்மின்னு வந்திருந்தாதான் பயம். இது அழுத்தம் அதிகம், வேகம் கம்மி. அடைப்பு இருக்கு, ஆள் தெம்பா இருக்கான். டாக்டர் கேட்ட பதிலே இதான்."

செருப்புச் சத்தம் கேட்டு வந்தாரோ என்னவோ, டாக்டரே கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். திரையைப் பார்த்தார். காகிதத்தில் அச்சடித்து வந்ததை இரண்டு தடவை பார்த்தார். பிறகு நோயாளி எங்கே என்று சுற்றுமுற்றும் தேடி, கடைசியில் அண்ணாந்தார்.

"அங்க என்ன பண்றீங்க?"

"டெஸ்ட் முடிஞ்சுது டாக்டர். இறக்கத்தான் ஆளில்ல."

"வியாழக்கிழமை ஆபரேஷன் வெச்சுக்கலாம்" என்றார் டாக்டர், மின்விசிறியைப் பார்த்துப் பேசுவது போல. "தசை நல்லா இருக்கு. டியூபை எடுத்துடலாம்."

திறந்திருந்த கதவு வழியே மனைவி ஓடி வந்தாள். அவளுக்குப் பின்னால் மச்சான், ஒரு கையில் டெக்னீஷியனுடைய செருப்பை மரியாதையாகப் பிடித்துக்கொண்டு. திரையைப் பார்த்து, "தொண்ணூறா? முக்கலுக்கு நூத்தி இருபது வந்துச்சே, முப்பது மார்க் எங்க போச்சு?" என்று ஆரம்பித்தவரை நர்ஸம்மா தோளைப் பிடித்துத் திருப்பி, இறக்குவதற்கு ஆள் கூட்டி வரும்படி பராமரிப்பு ஆபீஸுக்கு அனுப்பிவைத்தார்.

மனைவி நாற்காலிக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். "ஏங்க, என்ன சொன்னாங்க?"

"வியாழக்கிழமையாம்" என்றார் அவர்.

அவள் மேலே கையை நீட்டினாள். அவரும் கீழே நீட்டினார். இரண்டு கைக்கும் நடுவே இரண்டு முழம் இடைவெளி. ஆகவே அவளுக்கு எட்டிய அவருடைய வலது பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஏணியோடு ஆள் வரும்வரை அதை விடவே இல்லை. அவருக்குக் கூச்சமாகவும் இருந்தது, கிச்சுகிச்சு மூட்டுவது போலவும் இருந்தது. ஆனாலும் காலை இழுத்துக்கொள்ளவில்லை.